வெள்ளரிக்காய் வைத்தியம்

"கேரட்டைக்கூடத் தள்ளி வைக்கிறீங்களேப்பா, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

மூன்று மாதம் கழித்துப் பெற்றோரைப் பார்க்க வந்த மகளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு தட்டு. நறுக்கிய வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், ஊறவைத்த பாதாம், நாலு தேங்காய்ச் சில். அவ்வளவுதான் மதியச் சாப்பாடு!

"கேரட்ல இனிப்பு ஜாஸ்தி. சோறு, ரொட்டி, கிழங்கு எதுவும் கிடையாது. எல்லாம் பச்சையாத்தான். எனக்குச் சர்க்கரை வந்துடுச்சில்ல? அடுப்பு எரிஞ்சா வாசனைக்கு நாக்கு அலையும். அதான் அடுப்பையே தூக்கிக் கொடுத்துட்டேன்" என்றார் அப்பா, கோட்டையைப் பிடித்துவிட்ட தோரணையில். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எதிரே யார் வந்தாலும் ஒதுங்குகிற வழக்கம் இல்லை.

அம்மா கல்லூரி விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டவள். அவள் கையில் கரண்டி இல்லாமல் மகள் பார்த்ததே இல்லை. இப்போது பேசாமல் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். 

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். பையிலிருந்து சின்னக் கருவியை எடுத்தாள்.

"விரலை நீட்டுங்க."

குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு.

"பாத்தியா! எல்லாம் வெள்ளரிக்காய் வைத்தியம்!"

"போன தடவை நான்தானே டெஸ்ட் பண்ணேன்? அப்பவும் சர்க்கரை இல்லையே."

"அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

"எந்த டாக்டர் சொன்னார்?"

அப்பா வெள்ளரிக்காயை நறுக் நறுக்கென்று பலமாக மென்றார். பிறகு நடைப்பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பை மாட்டினார். உச்சி வெயிலில் என்ன நடைப்பயிற்சி? மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்சாரி டீக்கடையில் நின்றபடி அப்பா டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டு.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, அவர் உன்னை நல்லா ஏமாத்தறார்! சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கே பன்னை மொக்கறார். உன் அடுப்பைப் பிடுங்கிட்டு உன்னை மூலையில உக்கார வெச்சிருக்கார். நாளைக்கே புது அடுப்பு வாங்கறேன். வேண்டாம்னு சொன்னார்னா நீ கிளம்பி என்கூட வந்துடு. தனியா இருந்து இலை தழையைத் தின்னட்டும்!"

"மெதுவாப் பேசுடி. பன் விஷயம் எனக்குத் தெரியும். பாவம், பசி தாங்கமாட்டார்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

அம்மா கத்தியைக் கழுவி வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"அடுப்பெல்லாம் வேண்டாம்மா. மூணு தடவை பாத்திரத்தை அடுப்புல வெச்சுட்டு அப்படியே மறந்துட்டேன். மூணாவது தடவை திரைச்சீலையில தீ பிடிச்சு, அவர்தான் ஓடிவந்து அணைச்சார். அடுத்த நாள்தான் அவருக்குச் 'சர்க்கரை' வந்துச்சு."

மகள் அடுப்பு இருந்த வெற்று மேடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தீப்பிடிச்சதையும் நான் மறந்துட்டேன்னு உங்கப்பா நினைச்சுக்கிட்டிருக்கார். நீ போட்டு உடைச்சுடாதே."