அறுந்தால் பாஸ்

“கயிறு அறுந்துடும்னு எழுதினியா, தாங்கும்னு எழுதினியா? அதை மட்டும் சொல்லு!”

தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் வராததுமாகக் குண்டூசியை வழிமறித்தான் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பதால் அவளுக்கு இந்தப் பெயர்.

“அறுந்துடும்னுதான் எழுதினேன். ஏன்டா?”

“போச்சு! புரொபசர் தாங்கும்னு எழுதியிருக்கான்.”

தண்ணீர்க் குழாயடியில் பிசிக்ஸ் கேள்வித்தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டு நின்றான் புரொபசர். வகுப்பில் அவன்தான் முதல். அவன் விடையோடு ஒத்துப்போனால் மார்க், இல்லாவிட்டால் மண் என்பது அங்கே எழுதாத சட்டம்.

குண்டூசி அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மறுபடியும் படித்தாள். செங்கல்லும் ஆட்களும் ஏறிய தூக்குக் கூண்டு. எல்லாம் சேர்ந்து தொள்ளாயிரம் கிலோ. கயிறு தாங்குவது பத்தாயிரம் நியூட்டன். புதிய மோட்டார் கூண்டை இரண்டு என்ற முடுக்கத்தில் மேலே இழுத்தால் கயிறு தாங்குமா, அறுந்துவிடுமா? ஐந்து மார்க்.

“இதுல என்ன இருக்கு? தொள்ளாயிரத்தைப் பத்தால பெருக்கு. ஒன்பதாயிரம். கயிறு தாங்குறது பத்தாயிரம். ஒண்ணாங்கிளாஸ் கணக்கு,” என்றான் புரொபசர்.

“கூண்டு சும்மா தொங்கினா ஒன்பதாயிரம். வெடுக்குனு மேல இழுத்தா கூடும்ல? நான் முடுக்கத்தையும் சேர்த்தேன். பத்தாயிரத்து எண்ணூறு வந்துச்சு.”

“வரும், வரும். நீ போட்டா கழுதைக்குக்கூடக் கொம்பு முளைக்கும்.”

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான். “ரெண்டு தடவை ஊத்திக்கிட்டவ புரொபசருக்கே பாடம் எடுக்குறா பாரு!”

அவள் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கி மடக்கி எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

“மத்ததெல்லாம் சேர்த்தா முப்பத்திரண்டுதான்டா தேறும். கயிறு அறுந்தா நான் பாஸ். தாங்கிட்டா ஃபெயில்.”

“ஃபெயிலானா அடுத்த வருஷம் எழுது. தலையா போயிடும்?”

“தலைதான்டா போகும். திங்கக்கிழமையிலேர்ந்து எங்கம்மாகூட செங்கல் சுமக்கணும். ‘மூணாவது தடவையும் கோட்டை விட்டா உன் தலையில நானே சும்மாடு வைப்பேன்’னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா சொன்னதுதான்.”

ரேடியோவின் சிரிப்பு அடங்கியது. அவள் அம்மாவை அவனுக்குத் தெரியும். உச்சந்தலையில் சும்மாடு உட்காரும் இடம் முடி கொட்டி வழவழவென்றிருக்கும். கையைக் கொடுத்தால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் உறுத்தும். அந்தக் கையால் அடி வாங்கியதை ஒருமுறை குண்டூசியே காட்டியிருக்கிறாள். கன்னத்தில் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.

“அதோ சார் வர்றாரு. கேட்டுடலாம் வா.”

“வேணாம்டா. பேப்பர் வரட்டும்.”

அதற்குள் ரேடியோ கத்திவிட்டான். “சார்! கயிறு அறுந்துடுமா, தாங்குமா?”

விடைத்தாள் கட்டை அக்குளில் இடுக்கியபடி பிசிக்ஸ் வாத்தியார் நின்றார். “தாங்கும்னு எழுதின புத்திசாலி யாரு?”

புரொபசர் பெருமையாகக் கை தூக்கினான்.

“கையைக் கீழ போடு. முடுக்கத்தை யாருப்பா கூட்டுறது, உங்க தாத்தாவா? பத்தாயிரத்து எண்ணூறு. அறுந்துடும்!”

தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, புரொபசரின் முகம் செத்துப்போனது. குண்டூசி ரேடியோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதிக்கத் தொடங்கினாள்.

“அறுந்துடும்! கயிறு அறுந்துடும்! டேய், நான் பாஸ்டா!”

“நம்ம புக்குல இப்படி ஒரு கணக்கே இல்ல சார்,” என்றான் புரொபசர், அழாத குறையாக. “எங்கேர்ந்து எடுத்தீங்க?”

வாத்தியாருக்கு அந்தக் கேள்வி இனித்தது.

“எந்த புக்குலயும் கிடைக்காது. என் சொந்தச் சரக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்புதுல்ல? போன மாசம் அங்க போய் நின்னு, கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். அதே கூண்டு, அதே கயிறு. ஒரு எண்ணைக்கூட மாத்தலை. இப்ப இருக்கிற மோட்டார் ஆமை மாதிரி இழுக்குது, அடுத்த மாசம் வேகமானது வருதுன்னு மேஸ்திரி சொன்னார். அதையும் கணக்குல சேர்த்துக்கிட்டேன். எப்படி?”

குண்டூசியின் பிடியிலிருந்து ரேடியோவின் கைகள் நழுவின.

“அந்தக் கயிறு அறுந்துடும்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்கள்ல சார்?”

“எப்படிம்மா சொல்றது? கேள்வி வெளிய போயிடாதா? வீட்டுல என் சம்சாரத்துகிட்டகூட மூச்சு விடலையே!” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “ஏன்ம்மா? என்னாச்சு?”

“‘இன்னிக்குப் புது மோட்டார்டி, செங்கல்லோட நாங்களும் கூண்டுல ஏறினா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எட்டாவது மாடி’ன்னு சொல்லிட்டுத்தான் சார் எங்கம்மா காலையில அங்க வேலைக்குப் போனாங்க.”