நாற்பத்தேழாம் நம்பர்

"இந்தப் பெட்டியையும் பிரிங்க தம்பி" என்றார் விஸ்வலிங்கம்.

சிக்கந்தர் கத்தியை எடுத்தான். இது ஒன்பதாவது பெட்டி. வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் கடையை அடைக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவன் கம்ப்யூட்டர் கடை திறந்து நாலு வருஷமாகிறது. எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டான். இந்த மாதிரி ஒருவரை இப்போதுதான் பார்க்கிறான்.

வந்தபோது மனுஷர் ஒழுங்காகத்தான் பேசினார்.

"மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கணும் தம்பி. கார் ரேஸ் விளையாடறதுன்னா அவளுக்கு உயிர். ஆனா ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு மேல என்னால முடியாது."

இப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்றால் சிக்கந்தருக்குப் பிடிக்கும். "கேசிங் மட்டமானது போதும்ணே. சவுண்ட் கார்டும் சாதாரணம் போதும். அதுல மிச்சம் பிடிச்சு நல்ல டிஸ்ப்ளே கார்டா போட்டுடலாம். கேமுக்கு அதுதான் உசிரு."

அவரும் சரி சரி என்று தலையாட்டினார். டிஸ்ப்ளே கார்டைக் கையில் கொடுத்ததும்தான் வம்பு ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைத் திருப்பினார். பின்பக்கம் மிளகு அளவில் ஒரு வட்ட ஸ்டிக்கர். அதில் ஒரு நம்பர். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேற எடுங்க."

"எல்லாம் ஒரே சாமான்தாண்ணே."

"தெரியும். நாப்பத்தேழு இருக்கான்னு பாருங்க."

ஓகோ, நம்பர் பைத்தியமா என்று நினைத்துக்கொண்டான் சிக்கந்தர். நாலு நம்பர் லாட்டரிக்குக் கனவில் எண் தேடுகிறவர்களைத் தெரியும். கார் நம்பரைக் கூட்டி ஒன்பது வரவேண்டும் என்பவர்களையும் தெரியும். டிஸ்ப்ளே கார்டுக்குமா?

"இதைப் பாருங்கண்ணே. மெமரி ரெண்டு மடங்கு. விலை அதேதான். கார் சும்மா பறக்கும்."

திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு. "வேணாம்."

ஒன்பதாவது பெட்டியில் முப்பத்தொன்று வந்தபோது சிக்கந்தருக்குப் பொறுமை போய்விட்டது.

"படிச்சவரா இருக்கீங்க. நீங்களே இப்படி நம்பர் பாக்கலாமாண்ணே?"

விஸ்வலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. "மக அடுத்த மாசம் கடல் தாண்டி கூச்சிங்குக்குப் படிக்கப் போறா. இதையும் தூக்கிக்கிட்டுப் போவா. அங்க பழுதானா அவ யாரைத் தேடுவா?"

"நம்பர் நல்லா இருந்தா பழுதாகாதோ?"

"பழுதாயிடுச்சுன்னு ஆளுங்க திருப்பிக் கொண்டாந்த கார்டெல்லாம் வச்சிருக்கீங்களா?"

மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்துவிட்டான் சிக்கந்தர்.

"நீங்களே பாருங்க தம்பி."

ஒவ்வொன்றாகத் திருப்பினான். பன்னிரண்டு. முப்பத்தொன்று. பன்னிரண்டு. எட்டு. இருபத்தாறு. மறுபடியும் பன்னிரண்டு. மொத்தம் இருபத்து மூன்று கார்டு. ஒன்றில்கூட நாற்பத்தேழு இல்லை.

சிக்கந்தர் நிமிர்ந்து பார்த்தான். "இது என்ன நம்பர்ணே?"

"இதெல்லாம் பாயான் லெப்பாஸ்ல எங்க பேக்டரியில செய்யற சாமான். பெட்டியில போடறதுக்கு முந்தி ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாக்க ஆளுங்க இருக்காங்க. பாத்தவங்க அவங்கவங்க நம்பரை ஒட்டுவாங்க. நான் அங்க சூப்பர்வைசர்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சிக்கந்தரே ஏணி போட்டு ஏறினான். பதினான்காவது பெட்டியில் டிஸ்ப்ளே கார்டு கிடைத்தது. மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு மதர்போர்டிலும் அதே நம்பர்.

விஸ்வலிங்கம் அந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மூணு கடை ஏறி இறங்கிட்டேன் தம்பி. இனிமே இந்த நம்பர் வராது."

"ஏண்ணே, ரிட்டயர் ஆயிட்டாங்களா?"

"நல்லம்மான்னு பேரு. அக்கரையில இருக்கற பாகான் டாலாம்லேருந்து தினம் பெரி கப்பல் ஏறி வருவாங்க. பதினொரு வருஷம். மத்தவங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்து ஒட்டிடுவாங்க. இந்தம்மா சாமான் நல்லா சூடேறட்டும்னு காத்திருந்து, இன்னொரு தடவை ஓட்டிப் பாப்பாங்க."

"அப்படிப்பட்ட ஆளுக்குப் பெரிய போனஸா குடுத்திருப்பீங்களே."

விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மணிக்கு முப்பது பாக்கணும்னு கணக்கு. அந்தம்மா இருபதைத் தாண்ட மாட்டாங்க. போன மார்ச்சுல ஆள் குறைக்கணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. மெதுவா வேலை செய்யறவங்க பேரை எழுதிக் குடுன்னாங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "முதல் பேரா இவங்க பேரை எழுதினது நான்தான்."

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கமாகத் திரும்பினார்கள்.

அவரைப் பார்க்கச் சிக்கந்தருக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷர் உடைந்துவிடுவார் போலிருந்தது. சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கினான். பில் புத்தகத்தில் ஒரு வெற்றுத் தாளைத் திருப்பி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினான்.

"அந்த அக்கா வீட்டு விலாசத்தை இதுல எழுதுங்கண்ணே. எனக்கு மெதுவா வேலை செய்யற ஆளுதான் வேணும்."