நூல் வெட்டும் கத்தரி

கத்தரியைக் கையில் எடுத்தபோதுதான் ஹேமலதா கவனித்தாள்.

மூன்றாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அதில் ஒன்றும் இல்லை, வரச் சொன்னதே ஹேமலதாதான். ஆனால் அம்மா, தன்னோடு வேலை செய்யும் கமலம் அக்காவையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

யார் வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாளோ, அவளேதான்.

மேடையில் ஹேமலதா சூப்பர்வைசர். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றின் தையல் லைனில் நடக்கிற கதை. வேலூரில் அவள் நாடகம் படிக்கும் கல்லூரியின் ஆண்டு விழா. அரங்கம் நிறைந்திருந்தது.

முதல் ஒத்திகையிலேயே, நாடகத்தை இயக்கும் பிரேம்நாத் சார் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"இன்னாம்மா, சும்மா கத்துறியே தவிர, பாக்குறவங்களுக்குப் பயமே வரலியே? போய் நெஜமான ஆளைப் பாத்துட்டு வா."

எங்கே போவது? ஹேமலதா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அம்மா அந்த மாதிரி ஒரு லைனில் போய் உட்கார்ந்தவள். இன்னும் அங்கேதான் தைக்கிறாள். மகள் படித்து முடித்துத் தன்னை எழுப்பிக் கூட்டிப் போவாள் என்ற நம்பிக்கை அவளுக்கு. நாடகம் படித்து என்ன உத்தியோகம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

ஹேமலதா கேட்டதும் அம்மா வெங்காயம் நறுக்கியபடியே சொன்னாள். பிறகு எழுந்து நடித்தே காட்டினாள். அம்மாவுக்குள் இப்படி ஒரு நடிகை இருப்பது ஹேமலதாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

சூப்பர்வைசர் கத்தவே மாட்டாராம். ஓசையில்லாமல் பின்னால் வந்து நிற்பாராம். நூல் வெட்டும் கத்தரியால் மிஷின் மேல் ஒரே ஒரு தட்டு.

தையல் கோணிவிட்டது என்று அர்த்தம். துணி என்றால் பிரித்துத் தைத்துவிடலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மறையாது, அந்த ஜோடியே வீண். தட்டு விழுந்தவள் எழுந்து நிற்க வேண்டும். லைன் மொத்தமும் பார்க்க நிற்க வேண்டும். மறுபடி வந்து இரண்டு தட்டுத் தட்டினால்தான் உட்காரலாம். உட்காரும்போது மறக்காமல் 'தேங்க்ஸ் சார்' சொல்ல வேண்டும்.

"நம்ம கமலம் இல்ல? அதை ஒருநாள் சாப்பாட்டு பெல் அடிச்சும் உக்கார வெக்கல. நின்னுக்கினே இருந்துச்சு. அடக்க முடியாம பொடவையிலயே போய்ட்டுச்சு, பாவம்."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். வெங்காயம்தான் என்று ஹேமலதா நினைத்தாள்.

"யாராண்டயும் சொல்லிடாதடி. மானம் போய்டும்."

ஹேமலதா மறுநாளே பிரேம்நாத் சாரிடம் சொல்லிவிட்டாள். வேஷம் பிடிபட்ட சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. சார் துள்ளிக் குதித்தார். அப்படியே காட்சியாக எழுதினார். முடிவை மட்டும் மாற்றினார்: நிற்கிறவள் அடுத்த தட்டுக்குக் காத்திருக்க மாட்டாள். கத்தரியைப் பிடுங்கி வீசிவிட்டுத் தானே உட்காருவாள். லைன் முழுக்கக் கை தட்டும்.

ஒத்திகையில் இந்த இடத்துக்கு எல்லோரும் விசிலடித்தார்கள்.

இப்போது அந்தக் கமலம் அக்கா கண்ணுக்கு எதிரே இருக்கிறாள். பாதியில் எழுந்து போய்விட்டால்? நாளை காலை கம்பெனி பஸ்ஸில் அம்மா எந்த முகத்தோடு அவள் பக்கத்தில் உட்காருவாள்?

யோசிக்க நேரமில்லை. தையல்காரியாக நடிக்கும் மெர்சி மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா ஓசையில்லாமல் பின்னால் போய் நின்றாள்.

ஒரு தட்டு.

மெர்சி எழுந்து நின்றாள்.

மூன்றாவது வரிசையிலும் ஒருத்தி எழுந்து நின்றாள்.

கமலம் அக்கா இல்லை. கமலம் அக்கா சாவகாசமாகக் கடலை மென்றுகொண்டிருந்தாள். மென்றபடியே, பக்கத்தில் விறைப்பாக நின்றவளை ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கமலம் அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. தலை குனிந்திருந்தது. இரண்டு கையும் புடவையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து எதையோ மறைத்துக்கொண்டிருந்தன.

ஹேமலதாவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடினால் அரங்கம் மொத்தமும் அம்மாவைத்தான் பார்க்கும்.

மெர்சி ஒத்திகைப்படி கையை நீட்டிக் கத்தரியைப் பிடித்து இழுத்தாள். ஹேமலதா விடவில்லை. மெர்சி முழித்தாள். மறுபடி இழுத்தாள். ஓரத்தில் நின்ற பிரேம்நாத் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஹேமலதா கத்தரியை மீட்டு, மிஷின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் மெர்சி உட்கார்ந்துவிட்டாள். நாடகம் அதோடு படுத்துவிட்டது. யாரும் விசிலடிக்கவில்லை.

அம்மாவும் உட்கார்ந்தாள். உட்காரும்போது மேடையைப் பார்த்து அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று பக்கத்திலிருந்த கமலம் அக்காவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஹேமலதாவுக்குக் கேட்டது.

"தேங்க்ஸ் சார்."