தாய்மாமன் சான்றிதழ்

பதினோரு வருடங்களுக்கு முன், தங்கை செண்பகத்தின் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் தாய்மாமனான என் பெயர் விட்டுப்போன ஆத்திரத்தில் சீர்த்தட்டை எட்டி உதைத்துவிட்டு வந்தேன். பிள்ளையை வேறு யார் மடியிலோ வைத்துக் காது குத்தினார்கள்.

போன வாரம், பழைய கோபங்களைச் சோதிக்கும் மூளை லேபில் எழுதிக் கொடுத்தார்கள்: ‘சுரப்புக் குறைபாடு. இவர் பொறுப்பல்ல.’ அதை லேமினேட் செய்து செண்பகத்திடம் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

“அப்போ தட்டை எத்துனது நீ இல்லையாண்ணே?”

“இல்லம்மா. எல்லாம் மூளையில ஊறுற ரசாயனம்.”

“சின்னதுல எனக்கு அம்மை போட்டப்ப, பள்ளிக்கூடம் போகாம வேப்பிலையால வீசிக்கிட்டே இருந்தியே, அது?”

“மன்னிச்சிரும்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். செய்தது நானில்லை என்கிற அட்டை அவள் கையில் இருந்தது.