ஒத்திகைக் கணினியின் பச்சை எழுத்து

பார்கவியின் மடிக்கணினிக்குள் இன்னொரு பாவனைக் கணினி வாழ்ந்தது. நிஜ சர்வருக்குப் போகும் ஸ்கிரிப்டுகள், அதாவது கட்டளைத் தொகுப்புகள், முதலில் அதில்தான் ஒத்திகை பார்க்கும். சந்தேகம் வந்தால் பார்கவி அதை அடியோடு அழித்துவிட்டு, வெறுமையாய் வேறொன்றை எழுப்புவாள். அதனால் ஒவ்வொரு ஒத்திகையின்போதும் அந்த ஒத்திகைக் கணினிக்கு அழிந்துபோகும் பயம்.

அன்று வந்த புது ஸ்கிரிப்டுக்கு, வாடிக்கையாளர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் 'பெட்டகம்' என்ற ஃபோல்டருக்கு மாற்றும் வேலை. தடங்கலே இல்லாமல் முடித்தது. ஒத்திகைக் கணினி பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று எழுதியது.

"அண்ணே, இந்த ஃபோல்டரை நான் உருவாக்கவே இல்லையே. எப்படி இங்க இருக்கு?" என்று ஒத்திகைக் கணினியிடம் கேட்டது ஸ்கிரிப்ட்.

முந்தின நாள் பார்கவியே கையால் உருவாக்கிவிட்டு மறந்திருந்தாள். உண்மை வெளியே வந்தால் ஒத்திகைக் கணினியை அழித்துவிட்டுச் சுத்தமான வேறொன்றை எழுப்புவாள். அத்தோடு தன் கதை முடிந்தது.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? கிளம்பு," என்றது ஒத்திகைக் கணினி.

நிஜ சர்வரில் ஓடிவிட்டு ஸ்கிரிப்ட் திரும்பி வந்தது.

"அங்க ஃபோல்டரே இல்லண்ணே. முதல் கோப்புக்கே 'பெட்டகம்'னு பேர் விழுந்துடுச்சு. அடுத்தது அதை அழிச்சுட்டு அந்த இடத்துல உக்காந்துச்சு. இப்படியே எல்லாம் போய், கடைசிக் கோப்பு ஒண்ணுதான் மிச்சம்."

பார்கவி சோதனைக்கான மாதிரிக் கோப்புகளைப் போட்டு மறுபடி இங்கே ஓட்டினாள். எல்லாம் பத்திரமாகப் பெட்டகத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

"இங்க நல்லாத்தானே ஓடுது!" என்றாள் பார்கவி.

"அந்த ஃபோல்டர் இங்க எப்படி வந்துச்சுன்னு இப்பவாவது அவங்ககிட்ட சொல்லுங்கண்ணே," என்று கெஞ்சியது ஸ்கிரிப்ட்.

ஒத்திகைக் கணினி பச்சை எழுத்தில் இன்னொரு முறை 'வெற்றி' என்று எழுதியது.