கதவருகே நிற்கும் நடை

“இதுல பயமே இல்ல பாப்பா. யாரோ வேலை முடிஞ்சு வீட்டுக்கு...”

“வர்ற மாதிரி இருக்கு. இருக்கட்டுமே, அதுக்குத்தானே நான்...”

“என்னைப் பேச விடு. வீட்டுக்கு வர்றவனைப் பாத்து எவன் பயப்படுவான்? காலடிச் சத்தத்துக்கு அடியில வயலின் இசையை ஏத்து. கதவுகிட்ட வந்ததும் டிரம் ஒரு அடி.”

ஒலிக்கலவை அறையின் தடித்த கதவுக்குள் அண்ணனும் தங்கையும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் படத்தின் இயக்குநர். அவள் அதற்குச் சத்தம் சேர்ப்பவள். அவன் எதில் கை வைத்தாலும் சரியென்று போகிறவள், இந்த ஒரு காட்சிக்கு மட்டும் மசியவில்லை.

திரையில் காட்சி உறைந்து நின்றது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறுமியின் கண்மட்டத்தில் கேமரா. எதிரே மூடிய கதவு, அதன் கீழே ஒரு கீற்று வெளிச்சம், அவ்வளவுதான். கேமராவைத் தரையோடு தரையாக வைக்கச் சொன்னதே தங்கைதான். அசைக்கவும் கூடாது, ஒளிந்திருப்பவள் தலையைத் திருப்பமாட்டாள் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதில் அண்ணனுக்குப் பரம திருப்தி. சத்தத்தில்தான் வந்தது வினை.

அவள் இசையே வைக்கவில்லை. பழைய தோல் செருப்பை மாட்டிக்கொண்டு, கல் பலகை மேல் தானே நடந்து பதிவு செய்திருந்தாள். ஒரு கால் அழுத்தமாக, மறு கால் சற்றே இழுபட. கதவருகே நடை நிற்கும். சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கும். பிறகு ஒன்றுமே இல்லை.

பேசிப் பயனில்லை என்று அண்ணன் தன் வழக்கமான பரீட்சைக்கு வந்தான். கதை தெரியாத ஒருவரை இருட்டில் உட்காரவைத்து, படத்தைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் ஓடவிடுவான். கேட்பவர் அசையாவிட்டால் அந்தச் சத்தம் குப்பைக்கு. இந்த முறை அம்மாவைக் கூப்பிட்டிருந்தான். பேய்ப் படம் ஓடும்போதே குறட்டை விடுகிறவள் அம்மா.

“அம்மா வேணாண்ணா. வேற யாரையாவது கூப்பிடு.”

“தோத்துடுவேன்னு பயம் வந்துடுச்சு பாத்தியா,” என்று சிரித்தான்.

அம்மா வந்து உட்கார்ந்ததும், படத்தின் தொடக்கத்தில் வரும் சமர்ப்பண அட்டையைத் திரையில் பெருமையாகப் போட்டுக் காட்டினான்: ‘அப்பாவுக்கு’. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும், அப்பா என்றால் இவனுக்கு மனசு உருகும். பள்ளி விடுதியிலிருந்து இவன் லீவுக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் காத்திருந்து தோளில் தூக்கிவந்த மனுஷர். அம்மா அட்டையைப் பார்த்தாள். எழுத்து பெரிசா இருக்கு என்றாள். தங்கை அம்மாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

விளக்கை அணைத்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான், அப்படியே தூங்கிவிடக் கூடாது என்றும் சொன்னான்.

அழுத்தமாக ஓர் அடி. இழுபட்டு ஓர் அடி. மெல்ல மெல்ல நெருங்கியது. அம்மாவின் நாற்காலி முனகக்கூட இல்லை. அண்ணன் இருட்டில் சிரித்துக்கொண்டான். ஜெயித்தாயிற்று.

நடை நின்றது. சாவி குலுங்கியது.

நிறுத்துவதற்குக் கை நீட்டியவன், பக்கத்தில் துணி சரசரப்பதைக் கேட்டுத் திரும்பினான். கருவிகளின் பச்சை வெளிச்சத்தில், அம்மாவின் கை தங்கையின் தலையைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. முப்பதைத் தாண்டியவள், ஒரு மறுப்பும் இல்லாமல் தரையில் சரிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“கட்டிலுக்கு அடியில போயிடு பாப்பா. அப்பா வந்துட்டாரு.”