தனித்தனிப் பானை

அன்னக்கொடியின் மடியில் கிடந்த மகளின் நாடி பார்த்த கையை விட்டுவிட்டு டாக்டர் ராஜாராம் எழுந்தார். எல்லாம் முடிந்துபோயிருந்தது.

மூளைக்காய்ச்சல். ஐப்பசி மழைக்குப் பிறகு திருமங்கலம் பக்கமிருந்து பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள்.

எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்று பலித்ததாகச் செய்தி. எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்றபோது முரண்டு பிடித்தது ராஜாராம்தான். இங்கேயும் பலிக்கிறதா என்று பார்க்காமல் முடியாது என்றார். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பிள்ளைகளுக்குப் புது மருந்து, மீதிக்கு வழக்கமானது. யாருக்கு எது என்று பெற்றவர்களிடமும் சொன்னார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கூட வேலை பார்த்தவர்கள் இடித்தார்கள். அது ஒரே பானைக்குத்தானய்யா, ஊருக்கு ஊர் பிள்ளைகள் தனித்தனிப் பானை என்று அவர்கள் வாயை அடைத்தார். என்ன பேச்சு, என்ன வீறாப்பு!

ஆள் பற்றாத வார்டு. புட்டியைக் கையில் கொடுத்து, வேளாவேளைக்கு ஊற்றச் சொல்லித் தாய்மாரிடமே விட்டிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் மாயக்காளின் மகன் எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். புது மருந்துச் சீட்டு அவனுக்கு விழுந்தது. அன்னக்கொடியின் மகளுக்கு விழவில்லை.

பாவி, நானே கொன்றுவிட்டேனே என்று ராஜாராம் தன்னையே நொந்துகொண்டார். அத்தனை பேர் பார்க்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் இன்னொரு தாய், காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு வந்து நின்றாள். போதும் இந்தச் சீட்டும் கணக்கும், இனி எல்லாருக்கும் புது மருந்துதான் என்றார் ராஜாராம். நர்ஸ் புட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்னக்கொடி மகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

தன் பிள்ளைக்குக் கிடைக்காதது ஊரான் பிள்ளைக்கும் கிடைக்கக் கூடாதாக்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ராஜாராமும் அப்படித்தான் நினைத்தார். அந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும், விடும்மா என்று கெஞ்சினார்.

“குடுக்காதீங்க சார். புது மருந்து குடுக்கட்டான்னு மாரியாத்தாகிட்ட பூக்கட்டிக் கேட்டேன், குடுன்னு வெள்ளைப் பூ வந்துச்சு. மாயக்கா வெந்நி வாங்கப் போனப்ப ரெண்டு புட்டியவும் மாத்தி வச்சிட்டேன். அதக் குடிச்சது எம்மகதேன்.”